பதிவாகாத கேள்வி

1

காரைக்கால் தருமபுரத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் என் தம்பி டோனி, என் வேலையைப் பற்றி யார் கேட்டாலும் இப்படித்தான் சொல்வான்: "எங்க அக்கா பிரான்சுல இரும்பை வளக்குற மெஷினுக்கு மூளை குடுக்குது." கேட்டவர் நம்பாமல் பார்த்தால், "வளத்துட்டு அதே மெஷினு சீவியும் விடும். முடி வெட்டுற மாதிரி" என்று சேர்த்துக்கொள்வான்.

பத்திரிகையில் இருந்த பழக்கத்தில் நான் அவனைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். இரும்பு மட்டுமல்ல, பல உலோகங்கள். வளர்ப்பதில்லை, உலோகத் தூளை லேசர் ஒளியால் உருக்கி, அடுக்கடுக்காகப் படிய வைக்கிறது. பிறகு லேசர் முனையை ஓரமாக வைத்துவிட்டு, அதே இயந்திரம் ஒரு கட்டரை எடுத்து, படிந்ததைத் தேவையான அளவுக்குச் சீவுகிறது. மறுபடி படிய வைக்கும், மறுபடி சீவும். எதை எந்த வரிசையில் செய்வது என்று எழுதிக் கொடுப்பது என் வேலை.

"நீ சொல்றது கரெக்டாத்தான் இருக்கும்க்கா" என்பான் டோனி. "ஆனா எவனும் நின்னு கேக்க மாட்டான்."

சென்ற மாதம் எங்கள் பட்டறையில் ஒரு விபத்து நடந்தது. அதில் காரைக்காலுக்கும் பங்கு இருந்ததால் ஊரில் சிலருக்குப் பாதி விஷயம் தெரியும். அந்தப் பாதியை டோனி கடைக்கு வருகிறவர்களிடம் எனக்குப் பெருமை சேரும்படி சொல்லிக்கொண்டிருக்கிறான். மறு பாதியை நானே எழுதிவிடுவதுதான் முறை.

2

ஊரில் நான் ஒரு தமிழ் நாளிதழின் செய்தியாளராக இருந்தேன். என் கணவரின் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த காரைக்கால் குடும்பம். மாமனார் பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் முடிந்து லியோனுக்குத் தெற்கே ஒரு தொழில் நகரத்துக்கு வந்து சேர்ந்தேன். நகராட்சியை 'மேரி' என்று சொல்ல மட்டும் எனக்கு யாரும் கற்றுக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மற்ற எல்லாச் சொல்லிலும் தடுக்கி விழுந்தேன். வேலையை முடித்துவிட்டேன் என்று சொல்ல நினைத்து, நான் முடிந்துபோனேன் என்று பல வாரங்கள் சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் திருத்தவில்லை. உண்மையைத்தான் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்த பெண் என் தொழிலுக்குப் பொருத்தமான கட்டத்தைத் தன் கணினியில் தேடினார்.

"எந்த மொழியில் எழுதினீர்கள்?"

"தமிழில்."

"அப்படியானால் அனுபவம் எதுவும் இல்லை என்று போட்டுவிடுகிறேன். உங்களுக்கு அதுதான் நல்லது. அனுபவம் இல்லாதவர்களுக்குத்தான் இலவசப் பயிற்சி கிடைக்கும்."

அவர் என்மேல் அக்கறையோடுதான் சொன்னார். நான் நன்றி சொன்னேன். அந்தப் பயிற்சியில்தான் இயந்திர நிரல் எழுதக் கற்றேன். இன்று சாப்பிடுவது அந்தச் சோறு.

3

தேய்ந்துபோன பெரிய பம்பு உறுப்புகளை மறுபடி உருவாக்கிக் கொடுப்பது எங்கள் பட்டறையின் தொழில். தேய்ந்த இடத்தில் உலோகம் ஏற்றுவோம், பழைய வடிவத்துக்குச் சீவுவோம். பட்டறைக்குத் தலைவர் பத்ரீஸ். இயந்திரத்தை ஓட்டுபவர் ஜெரார். நான் சேர்ந்த புதிதில் பேருந்து வேலைநிறுத்தம் வந்தபோது, சுற்றுவழி என்றும் பாராமல் தினமும் என்னைத் தன் காரில் வீட்டில் கொண்டுவந்து விட்டவர் அவர்தான்.

இந்த ஆண்டின் தொடக்கத்தில், நிரல் எழுதும் வேலையில் ஒரு பகுதியை இந்தியாவில் ஒரு சிறிய நிறுவனத்துக்குக் கொடுப்பதாக பத்ரீஸ் அறிவித்தார். எந்த ஊர் என்று யாரோ கேட்டார்கள். அவர் திரையைப் பார்த்துப் படித்தார். பிரெஞ்சு வாயில் சரளமாக வரும் ஊர்ப் பெயர்தான். எனக்குத்தான் ஒரு கணம் அது காரைக்கால் என்று பிடிபடவில்லை.

"உங்களுக்கு அவர்கள் மொழி தெரியுமா?" என்று பத்ரீஸ் என்னைக் கேட்டார். நான் இந்தியாவின் தென்பக்கம் என்பது மட்டும் அங்கே எல்லோருக்கும் தெரியும்.

மேசையைச் சுற்றி ஜெராரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள். வேலை வெளியே போகிறது என்றால் என்ன அர்த்தம் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"அங்கே நிறைய மொழிகள் உண்டு" என்றேன்.

அது உண்மை. பத்ரீஸ் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார்.

முதல் காணொளி அழைப்பில், பைபாஸ் சாலைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்த ஓர் அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். என் கேமரா வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. திரையில் என் பெயர் ப்ரோஸ்பேர், கணவர் குடும்பப் பெயர். அவர்கள் குழுவை நடத்தும் பெண் ஆங்கிலத்தில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். பெயர் அபிராமி, திருநள்ளாறு. முன்பு சென்னையில் ஒரு கனரகத் தொழிற்சாலையில் இருந்தவள். இங்கே சேர்ந்து இன்னும் நிரந்தரமாகவில்லை.

அவளுக்குப் பின்னால் இருந்த ஒருவன் மெதுவாக, "இந்தம்மா பேச்சு நம்ம பக்கம் மாதிரி இல்ல?" என்றான்.

"சும்மா இருடா" என்று சொல்லிவிட்டு அபிராமி மைக்கை அணைத்தாள். அதன் பிறகு எந்த அழைப்பிலும் அவர்கள் தங்களுக்குள்கூடத் தமிழில் ஒரு சொல் பேசவில்லை. ஒழுங்கான குழு என்று நினைத்துக்கொண்டேன். நிம்மதியாகவும் இருந்தது.

அன்று பிற்பகல் காபி இயந்திரத்தின் அருகே ஜெரார் சொன்னார்: "எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடாதே, ஜெசி. நமக்கும் சாப்பிட ஏதாவது மிச்சம் வை." மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

4

அபிராமியின் குழுவுக்கு நான் கொடுக்க வேண்டியிருந்தது இரண்டு. ஒன்று, டெம்ப்ளேட் என்று நாங்கள் சொல்லும் மாதிரி நிரல். எல்லா வேலைக்கும் அதைத்தான் அடிப்படையாக வைப்போம், அதை எழுதியவள் நான். மற்றொன்று, அதைப் பயன்படுத்தும் விளக்கக் கையேடு.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும்.

சாதாரண இயந்திரத்தில் உலோகத்தை வெட்டி எடுக்க மட்டும்தான் முடியும். தொடங்கும்போது இருக்கும் கட்டிக்குத்தான் உயரம் அதிகம்; அதன் பிறகு அது குறைந்துகொண்டே போகும். அதனால் கட்டர் ஒரு வெட்டை முடித்து இன்னோர் இடத்துக்குப் பாயும்போது எவ்வளவு உயரத்தில் பாய வேண்டும் என்பதை ஒரு தடவை சொன்னால் போதும். அதைப் பாதுகாப்பு உயரம் என்போம். எங்கள் இயந்திரத்தில் அப்படியில்லை. பொருள் நடுவில் வளர்கிறது. காலையில் வெற்றிடமாக இருந்த இடத்தில் மதியம் ஒரு மேடு நிற்கும். ஒவ்வொரு தடவை உலோகம் ஏற்றிய பிறகும் பாதுகாப்பு உயரத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மேடு இருப்பது தெரியாமல் கட்டர் அதன் வழியாகவே பாயும். கணினியில் முன்கூட்டி ஓட்டிப் பார்த்தாலும் தெரியாது. கணினிக்கும் அந்த மேடு தெரியாது.

என் மாதிரி நிரல் அந்த உயரத்தைத் தானாக மாற்றாது. நான் ஒவ்வொரு தடவையும் கையால் மாற்றுவேன். கையேட்டில் அதற்கு ஒரு வரி போதும்.

அந்த வரியை நான் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். ஆனால் தட்டச்சு செய்துகொண்டே வந்தபோது அந்த இடத்தில் சிறிது நேரம் நின்றேன் என்பது நினைவில் இருக்கிறது. மறந்தவர்கள் நிற்பதில்லை.

5

அதே நாட்களில் என் மகள் லூசியின் பள்ளியில் பெற்றோர் சந்திப்பு இருந்தது. வரலாற்று ஆசிரியை அன்பான பெண். பேச்சு முடிந்து எழும்போது, "உங்கள் தீவு மிக அழகானது என்று லூசி சொல்லியிருக்கிறாள்" என்றார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ரெயூனியோன் தீவுன்னு சொல்லியிருக்கேம்மா" என்றாள் லூசி. ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "அதுவும் பிரான்சுதான், நம்மள மாதிரி ஆளுங்க இருக்காங்க. அதைச் சொன்னா அப்புறம் யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. காரைக்கால்னா மேப்பு காட்டணும். இந்தியாவா பிரான்சான்னு கேப்பாங்க. அது இதுன்னு வளந்துக்கிட்டே போவும்."

"அது பொய் இல்லையா?"

"நீங்க ஆபிசுல என்ன சொல்வீங்க?"

எட்டாம் வகுப்பு வரை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போனவள். வகுப்பை விட்ட பிறகு அவள் பேசும் தமிழில் எனக்குக் குறை தெரியாத வாக்கியங்கள் குறைவு. அந்த வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை.

தட்டுகளை எடுத்து வைக்கச் சொன்னேன்.

6

அபிராமி தனியாக எழுதிய முதல் பெரிய நிரல் ஒரு பம்பின் சுழல் தட்டுக்கானது. வெள்ளிக்கிழமை அழைப்பில் எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு, "கேள்வி ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டேன். ஐந்து முகங்களும் இல்லை என்று ஆடின.

அழைப்பு முடிந்து நான் கடையில் காய்கறி பொறுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசியில் அவளிடமிருந்து செய்தி வந்தது. அவசரத்துக்கென்று என் எண்ணை அவர்களிடம் கொடுத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் இருந்தது. "மேடம், இரண்டாவது தடவை உலோகம் ஏற்றிய பிறகு பாதுகாப்பு உயரத்தை நாங்கள் மாற்ற வேண்டுமா, டெம்ப்ளேட்டே மாற்றிக்கொள்ளுமா? தொந்தரவுக்கு மன்னிக்கவும்."

கூட்டத்தில் ஏன் கேட்கவில்லை என்று ஜெரார் ஆச்சரியப்பட்டிருப்பார். நான் ஆச்சரியப்பட முடியாது. எங்கள் ஊரில் மாதா கோயில் பங்குப் பேரவைக் கூட்டமானாலும் பள்ளிக் கூட்டமானாலும், மேடையில் இருப்பவர் கேள்வி உண்டா என்றால் யாரும் வாய் திறப்பதில்லை. எல்லாம் முடிந்து சைக்கிள் எடுக்கும் இடத்தில், தோளருகே வந்து நின்று, "ஒண்ணு கேக்கணும்" என்பார்கள். மேடையில் இருப்பவரை எல்லோர் முன்னாலும் பதில் தெரியாதவராக நிறுத்திவிடக் கூடாது என்பது அதில் இருக்கும் மரியாதை. நான் சேகரித்த செய்திகளில் பாதி சைக்கிள் நிறுத்தத்தில் கிடைத்தவை.

நான் பதில் போடவில்லை. வேலை நேரம் முடிந்திருந்தது. இந்த நாட்டில் அதற்குப் பின் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. கேள்விகளைப் பதிவு முறை வழியாகத்தான் அனுப்ப வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. பதில் சொன்னால் ஜெராரின் மிச்சத்தைக் கொடுத்ததாகிவிடும். மூன்றும் உண்மை. கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மெதுவாக ஓட்டிப் பார்க்கும் சோதனையின்போது ஜெரார் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அந்த வேலை ஏற்கெனவே தாமதமாகியிருந்தது. சோதனை ஓட்டம் வேண்டாம் என்று பத்ரீஸ் சொல்லியிருக்கிறார். நான் என் மேசையில் இருந்தேன். அடைத்த கதவுக்குள் ஒரு பாத்திரம் விழுவது போன்ற சத்தம்தான் கேட்டது. ஜெரார் சிவப்புப் பொத்தானை அடித்திருந்தார். கட்டர் உடைந்து கண்ணாடிக் கதவுக்குள் சிதறியிருந்தது. அதைப் பிடித்திருந்த சுழல்தண்டும் வளைந்திருந்தது. யாருக்கும் அடியில்லை. இயந்திரம் பல வாரங்களுக்குப் படுத்துவிட்டது.

7

அன்றே கூட்டம் நடந்தது. திரையில் காரைக்கால் அறை, அபிராமியோடு அவர்கள் மேலாளர். மேசையைச் சுற்றி நாங்கள்.

"அவர்கள் தரப்பிலிருந்து முன்கூட்டி ஏதாவது கேள்வி வந்ததா?" என்று பத்ரீஸ் கேட்டார்.

"கேள்வி எதுவும் பதிவாகவில்லை" என்றேன்.

இந்த வாக்கியத்தை நான் எங்கே கற்றேன் என்று எனக்குத் தெரியும். கோட்டுச்சேரிமேட்டில் ஒருமுறை, மணல் சேர்ந்து படகுகள் கடலுக்குள் போக முடியவில்லை என்று மீனவர்கள் சொன்னார்கள். பொறுப்பில் இருந்த ஓர் அதிகாரியிடம் கேட்டேன். "அப்படி எந்தப் புகாரும் பதிவாகவில்லை" என்றார். செய்தியின் கடைசி வரியாக, மேற்கோள் குறிக்குள் அதை அப்படியே போட்டேன். மறுநாள் மீன் விற்கும் ஒரு பெண் என்னை வழியில் நிறுத்தினார். "நாங்க போயி நேர்ல சொன்னோமே, அது அவங்க காதுல விழலியா? நீயும் அதைப் போயி எழுதியிருக்கிற" என்றார். நான் எழுதியதில் பிழை இல்லை என்று அவருக்கு விளக்கினேன். அவர் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

திரையில் அபிராமி ஒரு கணம் கேமராவைப் பார்த்தாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், "தவறு என்னுடையதுதான். நான் சரிபார்த்திருக்க வேண்டும்" என்றாள். என் கைபேசி மேசைமேல் குப்புறக் கிடந்தது. அவளுடைய கேள்வி அதற்குள் இருந்தது.

அவளைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதா என்று மாதக் கடைசிக்குள் முடிவெடுப்பதாக அவர்கள் மேலாளர் சொன்னார். பத்ரீஸ் குறித்துக்கொண்டார். வெளியே வரும்போது ஜெரார் என் தோளைத் தட்டினார்.

8

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்து சமைத்துக்கொண்டிருந்தபோது டோனி அழைத்தான்.

"அக்கா, கை வேலையா இருக்கியா?"

"குழம்பு வக்கிறேன். சொல்லு."

"நள்ளாத்துலேந்து ஒரு அம்மா வந்துருக்காங்க. கோயில் பக்கம் லாட்ஜ் வச்சிருக்காங்க. போர்டு அடிக்க வந்தப்ப ஒன்னயப் பத்திப் பேச்சு வந்துச்சு. பாத்தா, அவங்க பொண்ணு ஒங்கிட்டதான் வேலை பாக்குது."

"எங்கிட்ட இல்லடா."

"சரி, ஒன் கம்பெனிக்குத்தானே. அந்தப் புள்ளைக்கு ஏதோ பிரச்சினையாம். நீ ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்லிடுவான்னு சொல்லிட்டேன்."

"யாரைக் கேட்டு சொன்ன?"

"ஏன், நீ சொல்ல மாட்டியா?" என்றான். உண்மையாகவே புரியாமல் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் போன் கைமாறிவிட்டது.

"வணக்கம்மா. லீவு நாள்ல தொந்தரவு பண்றேன்."

"இல்லைங்க. சொல்லுங்க."

"எம் பொண்ணு ஏதோ தப்பு பண்ணிட்டா. மெஷினு ஒடஞ்சிருச்சாமே. யாருக்கும் அடி கிடி படலியே?"

"இல்லைங்க. யாருக்கும் ஒண்ணுமில்ல."

"அது போதும். நான் வந்தது அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சா சத்தம் போடுவா. மெட்ராசுல நல்ல வேலையில இருந்தாம்மா. அவ அப்பாவுக்குக் கை கால் விழுந்ததுலதான் விட்டுட்டு வந்தா. இதுவும் போச்சுன்னா மறுபடி அங்கதான் போவணும். அவரைத் தூக்கி உக்கார வைக்க எனக்கு ஒத்தையில முடியல. அதான். தெரியாம பண்ணிட்டா. மன்னிச்சு விட்ருங்க" என்றார்.

அடுப்பைத் தணித்தேன். அவள் தப்பு செய்யவில்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். "பாக்குறேங்க" என்றேன். ஊரில் சிபாரிசு கேட்டு வருபவர்களிடம் பெரிய மனிதர்கள் சொல்லும் அதே சொல், அதே இழுவையோடு.

"ஒங்க நட்சத்திரம் என்னம்மா? சனிக்கிழமை ஒங்க பேருக்கு ஒரு அர்ச்சனை பண்ணிடுறேன்."

பின்னாலிருந்து டோனியின் குரல் கேட்டது. "நாங்க வேதக்காரங்கம்மா. எங்களுக்கு நட்சத்திரம்லாம் கெடையாது."

"அதனால என்ன தம்பி? சனீஸ்வரன் ஆளு பாத்தா புடிக்கிறாரு?" என்றார் அந்த அம்மா. டோனி சத்தமாகச் சிரித்தான். "பேரு மட்டும் சொல்லுங்க, போதும்."

சொன்னேன். அவர் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

போனை வைத்தபோது சமையலறை வாசலில் லூசி நின்றுகொண்டிருந்தாள். "எதுக்கு அவங்க மன்னிப்புக் கேக்குறாங்க?" என்றாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்திருக்கிறேன்.

9

மறுநாள் அவர்களுடைய மதிய இடைவேளையில் அபிராமியை அழைத்தேன். "அபிராமி, நான் ஜெசிந்தா பேசுறேன்" என்று தமிழில் தொடங்கினேன்.

"சொல்லுங்க மேடம்" என்றாள், தமிழில். குரலில் வியப்பு இல்லை.

"நான் தமிழ்னு உங்களுக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும் மேடம். வரைபடத்தைக் காட்டும்போது எத்தனை அடுக்குன்னு வாய்க்குள்ள எண்ணுனீங்க. ஒண்ணு, ரெண்டுன்னு. மைக்கு ஆன்ல இருந்துச்சு."

"ஏன் கேக்கல?"

"எங்களுக்கு லாட்ஜ் இருக்குது மேடம், நள்ளாத்துல. பரிகாரத்துக்கு வர்றவங்க தங்குறது. சில சமயம் தெரிஞ்சவங்களே வருவாங்க. சொந்தக்காரங்க, படிச்ச ஸ்கூல் டீச்சர், பெரிய கடை வச்சிருக்கவங்க. ஏதாவது கஷ்டம்னாதானே அங்க வர்றாங்க? அவங்களா பேசாம நாம தெரிஞ்ச மாதிரி காட்டிக்கக் கூடாதுன்னு அப்பா சொல்லுவாரு. சாவிய குடுத்துட்டு, பேரைக்கூட சத்தமா படிக்க மாட்டாரு. அது மாதிரிதான். நீங்களா பேசுற வரைக்கும் யாரும் தமிழ்ல பேச வேணாம்னு பசங்ககிட்ட சொல்லிட்டேன். உங்களுக்கு அங்க என்ன சங்கடமோ."

செய்தியாளர்கள் அடுத்தவர் வாழ்க்கையில் பார்த்து எழுதும் விஷயம் இது. எனக்கே ஒருவர் அதைச் செய்திருக்கிறார், அதுவும் மாதக்கணக்கில், நான் அறியாமல். நான் ஒழுங்கு என்று நினைத்தது, ஓர் அறை நிறைய இளைஞர்கள் எனக்காகத் தங்கள் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது.

"உங்க மெசேஜை நான் பாத்தேன்" என்றேன்.

"தெரியும் மேடம். டிக்கு நீலமாச்சு."

"மீட்டிங்ல ஏன் சொல்லல?"

"நீங்க இல்லைன்னுட்டீங்க. அப்புறம் நான் இருக்குன்னு சொன்னா எப்படி இருக்கும்?" என்றாள். "எம்மேலயும் இருக்கு. உயரத்தை நானே கூட்டி வச்சிருக்கலாம். டெம்ப்ளேட்டும் சேத்துக் கூட்டி, மெஷினோட எல்லைய தாண்டிடுமோன்னு பயந்து விட்டுட்டேன். நீங்க பதில் போடலைன்னதும், பழசே சரிதான் போலன்னு நெனச்சுட்டேன்."

"என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு மேடம்" என்றாள் உடனே. "நல்லாவே இருக்கு. ஆனா எனக்கு இந்த வேலை வேணும்."

10

அவள் அம்மா எதிர்பார்த்தது ஒரு சிபாரிசு. பத்ரீஸிடம் தனியாகப் போய், திறமையான பெண், ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் வேலை முடிந்திருக்கும். அவள் பிழைத்திருப்பாள், நானும் பெருந்தன்மையான மேடமாக இருந்திருப்பேன். டோனி ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். செவ்வாய்க்கிழமை காலை பத்ரீஸின் அறைக் கதவுவரை நடந்தது அதற்காகத்தான் என்பதையும் எழுதிவிட வேண்டும். கதவைத் தட்டாமல் திரும்பி வந்தேன்.

அன்றைய வழக்கமான அழைப்பில் எல்லோரும் இருந்தார்கள். பத்ரீஸ் தொடங்குவதற்கு முன் என் கைபேசியைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"கேள்வி வரவில்லை என்று சொன்னீர்கள்."

"பதிவாகவில்லை என்று சொன்னேன்." வாயிலிருந்து வந்த பிறகுதான் என் காதில் விழுந்தது. கோட்டுச்சேரிமேட்டுப் பெண்ணுக்கு நான் கொடுத்த விளக்கமும் இதே தொனியில்தான் இருந்திருக்கும். "வந்தது. அன்றே பார்த்தேன். பதில் போடவில்லை. உயரத்தைக் கையால் மாற்ற வேண்டும் என்று கையேட்டிலும் நான் எழுதவில்லை. அவர்கள் ஊர்தான் என் ஊர். அவர்கள் மொழிதான் என் மொழி."

பத்ரீஸ் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவில்லை, கணக்குப் போடுகிறவரின் முகத்தோடு என்னையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காரைக்கால் மேலாளரிடம், தவறு எங்கள் பக்கம் என்றும், அபிராமி தொடர வேண்டும் என்றும், இன்றே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். என்னைப் பற்றி என்ன முடிவு என்று சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

"இனி நீங்கள் இரண்டு பேரும் உங்கள் மொழியிலேயே பேசுங்கள்" என்றார் என்னிடம். "எங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். இன்னொரு தடவை இது நடக்கக் கூடாது. அவரிடம் கேட்கச் சொல்லுங்கள். எதுவானாலும், இங்கேயே, இப்போதே."

நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்த அறையில் அதுவரை கேட்டிராத சத்தம் அது. ஜெரார் தன் காபிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அபிராமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். தன் ஆட்களை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, எல்லோர் முன்னாலும் கேட்டாள்.

"மேடம், இந்த உயரம் மாதிரி நீங்க கையால பண்ணிட்டு எழுதாம விட்டது இன்னும் என்னென்ன இருக்கு?"

"என்ன கேட்கிறார்?" என்றார் பத்ரீஸ்.

ஒரு சொல்லும் விடாமல் பிரெஞ்சில் சொன்னேன். பிறகு பதில் சொல்ல ஆரம்பித்தேன், முதலில் தமிழில், அடுத்து பிரெஞ்சில். உலோகம் சூடாக இருக்கும்போது அளந்தால் அளவு கூடுதலாகக் காட்டும், எவ்வளவு ஆறவிட வேண்டும் என்பது. தூள் குழாய் எந்த மூலையில் அடைத்துக்கொள்ளும் என்பது. இரண்டாவதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஜெரார் எழுந்தார். உடைந்த கட்டரின் சில்லுகளைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவற்றைச் சுத்தம் செய்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவருக்குப் பின்னால் மற்ற மூன்று பேரும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாப்பாட்டு நேரம் வந்ததும் பத்ரீஸும், தொடருங்கள் என்று கைகாட்டிவிட்டுப் போனார்.

அங்கே அவர்கள் வீட்டுக்குப் போகும் நேரம் நெருங்கியிருந்தது. அறையில் விளக்கைப் போட்டார்கள். யாரும் எழவில்லை. அபிராமி எழுதிக்கொண்டிருந்த தாளைப் புரட்டினாள்.

"அடுத்தது சொல்லுங்க மேடம்" என்றாள்.